இரவு இரண்டில் இல்லாத தண்ணீர்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கடல் காற்று இன்னும் எழும்பவில்லை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை. மூடினால் புழுக்கம். மூடிவிட்டு ஃபேனை ஐந்தில் வைத்தாயிற்று.

பெங்களூரிலிருந்து சனிக்கிழமை ராயபுரம் வந்தேன். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். உயரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்த மனிதரை இப்போது எதையும் பார்க்காதே என்றால் எப்படி. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டிவி பக்கம் நழுவுகிறார்.

இன்றைக்கு:
அப்பாவுக்குச் சொட்டு மருந்து, நாலு வேளை (இனிமேல் சொ.ம.)
கண்ணாடியைக் கழற்ற விடக் கூடாது
காஸ் புக் பண்ண
தலைக்குக் குளிக்க
இரவு-2

கடைசி ஒன்றைத் தவிர எல்லாம் முடிந்தது.

இரவு-2ஐப் பற்றி எழுதினாலாவது மண்டை தெளிகிறதா பார்ப்போம். நாங்கள் பார்க்கும் கிரகத்துக்கு வெறும் எண்தான் பெயர். நான் வைத்த பெயர் குட்டி. ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. தண்ணீர் கொதிக்கவும் செய்யாத, உறையவும் செய்யாத தூரம். அதற்குக் காற்று இருக்கிறதா, காற்றில் நீராவி இருக்கிறதா, இதுதான் என் ஆராய்ச்சி. குட்டி தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது கொஞ்சம் வெளிச்சம் அதன் காற்றைத் தாண்டி நமக்கு வருகிறது. நீராவி இருந்தால் அந்த வெளிச்சத்தில் சில நிறங்களைத் தின்றுவிடும். தின்ற தடத்தைத் தேட வேண்டும். ஒரு மலை உச்சித் தொலைநோக்கியில் இரண்டு இரவு பார்த்தோம், இரண்டும் வெவ்வேறு பருவத்தில். இரவு-1இல் தடம் பளிச். இரவு-2இல் ஒன்றுமே இல்லை. ஒரே கிரகம், ஒரே காற்று. ஏன்?

வெள்ளிக்கிழமை கட்டுரை பத்திரிகைக்குப் போகிறது. முதல் பெயர் என்னுடையது. நிறுவனத்தில் செய்திக்குறிப்புகூடத் தயார். "இரவு-2இல் கிரகத்தை மேகம் மூடியிருக்கலாம்" என்று கட்டுரையில் ஒரு பத்தி வருகிறது. அதை எழுதியது நான். நானே படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. வெளியே போன பிறகு யாராவது வெளிநாட்டுக்காரன் தப்பு என்று காட்டினால் அப்புறம் எந்த மூஞ்சியோடு எந்தக் கூட்டத்துக்குப் போவது.

மத்தியானம் மாடிப்படியில் கேட்டது. கீழ் வீட்டு வாசலில் இரண்டு பெண்கள்.

"ரோஸி பொண்ணு வந்துகீதாமே."

"எந்தப் பொண்ணு?"

"அதான்யா, மேல ஏதோ கிரகத்துல தண்ணி கண்டுபுட்சிச்சே, அது."

"அங்க கண்டுபுட்சி இன்னா புண்ணியம்? இங்க கொயாய்ல காத்துதான் வர்து."

ரோஸி என் அம்மா. போன மாதம் போனில், "தண்ணி இருக்கிற மாதிரி தெரியுதும்மா" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். "மாதிரி"யும் "தெரியுது"ம் மாதா கோயில் ஜெபக் கூட்டத்தைத் தாண்டும் முன்பே உதிர்ந்துவிட்டன.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொ.ம. போடும்போது அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "போட்டியா? போட்டியா?" என்கிறார். மூடின கண்ணில் எங்கே போடுவது. கடைசியில் அம்மா வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் மட்டும் வாயை மூடிக்கொண்டு கண்ணைத் திறக்கிறார்.

இரவு-2ஐ மறுபடி ஓட்டினேன். ஒன்றுமில்லை. வேறு விதமாக ஓட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. இரவு-1 மட்டும் கல்யாணப் பெண் மாதிரி ஜொலிக்கிறது.

என்ன காரணமாக இருக்கலாம்:
அ) குட்டியில் மேகம்
ஆ) நட்சத்திரத்தின் முகத்தில் கரும்புள்ளிகள். சிவப்பு நட்சத்திரங்களின் புள்ளிகளிலேயே கொஞ்சம் நீராவி உண்டு, அது கிரகத்துடையது போல ஏமாற்றும்
இ) கருவி
ஈ) நான்

ஆ-வைப் பார்த்தாயிற்று, இவ்வளவு பெரிய தடம் அதில் வராது. இ-யைக் கேட்டாயிற்று, ஒரு கோளாறும் இல்லை என்கிறார்கள். மீதி அ, ஈ. அ-வை நம்பத்தான் மனசு ஓடுகிறது. ஓடுவதுதான் பயமாக இருக்கிறது.

பதினொரு மணிக்குச் சேகர் அண்ணன் வந்தார். நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார், ஐஸ் ஃபேக்டரியில் வேலை, தெரு கேரம் மன்றத்தின் செயலாளர். அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றுவதும் அவர் பொறுப்புதான். ஐஸ் வாசனையோடு வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, உன் போட்டோ ஒண்ணு குடு. நல்லா சிரிச்சிகினு கீற மாதிரி."

"எதுக்குண்ணே?"

"இன்னா எதுக்கு? ஞாயித்துக்கெயம கூழ் ஊத்தறோம்ல. உனக்கு பேனர் வெக்கறோம். மேடைல ஏத்தி சால்வ போடறோம். நம்ம பேட்டைல கல்யாண பேனரு, காதுகுத்து பேனரு, கண்ணீர் அஞ்சலி, அல்லாத்தையும் பாத்தாச்சி. தண்ணி கண்டுபுட்ச பேனரு எந்தப் பேட்டைலயும் கெடயாது."

"அண்ணே, இன்னும் முடிவாகல. கட்டுரையே போகல."

"வெள்ளிக்கெயம போவுதுனு உங்கம்மா சொல்ச்சே. பேனரு ஞாயித்துக்கெயமதானே?"

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நான் அடுத்த வார்த்தையைத் தேடுவதற்குள் அம்மா ஆல்பத்தோடு வந்துவிட்டாள். சர்ச்சில் உறுதிபூசுதல் அன்று எடுத்த படம். எட்டாம் வகுப்பு, தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவத்தி, வாயில் ஒரு பல் கோணல்.

"இது வேணாம்மா."

"இதுலதான் நீ சிரிச்சிருக்க."

படத்தைக் கொண்டுபோக விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "ரோஸி, பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்பார்கள். பல வருஷமாகக் கேட்கிறார்கள். அம்மாவிடம் பதில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. சேகர் அண்ணனுக்கு டீ போடப் போனவள் அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.


ஆகஸ்ட் 6, புதன்

மேகம், மழை இல்லை. விடியற்காலையிலேயே அம்மன் கோயில் ஸ்பீக்கர். எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

பத்து மணிக்கு வீடியோ காலில் மேடம். என் ஆராய்ச்சியின் வழிகாட்டி. அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எங்களுக்கெல்லாம் அவரிடம் பயம். நான் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் உடுக்கை. மூடினால் நின்றுவிடுகிறது.

"உங்க பக்கத்துல ஏதாவது விசேஷமா, பிலோமினா?"

"ஆடி மாசம் மேடம்."

"சரி. ஒரே ஒரு கேள்விதான். இரவு-2க்கு அந்த மேகப் பத்தி எழுதியிருக்கீங்களே, அதை நீங்க நம்பறீங்களா?"

உடுக்கை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"யோசிச்சு சொல்றேன் மேடம்."

"நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள சொல்லுங்க."

மத்தியானம். கறிக்கடைச் சத்தம், ஸ்பீக்கர், அப்பாவின் குறட்டை. ஈ-யிலிருந்து ஆரம்பித்தேன். நான் செய்த ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து கழற்றிக்கொண்டே வருவது.

இதையும் எழுதி வைக்க வேண்டும். நாம் பூமியில் நின்றுகொண்டு, பூமியின் காற்று வழியாகத்தான் பார்க்கிறோம். நம் காற்றிலும் நீராவி இருக்கிறது, அதுவும் அதே நிறங்களைத் தின்னும். எது நம் தடம், எது குட்டியின் தடம்? ஓட்டத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும். நட்சத்திரமும் நாமும் ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டே இருப்பதால் அந்தப் பக்கத்துத் தடங்கள் கொஞ்சம் தள்ளி விழும். நம் தடங்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிறதே, அந்த வேகத்தைக் கழித்துவிட்டுத்தான் இடம் பார்க்க வேண்டும். பூமி ஓட்டத் திருத்தம் என்போம். முதல் வருஷ மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பது.

அந்தத் திருத்தத்தைக் கழற்றினேன். இப்போது எல்லாம் தொலைநோக்கி பார்த்தபடியே இருக்க வேண்டும். சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, நம் காற்றின் ஆக்ஸிஜன். அதன் கோடுகள் எங்கே நிற்கும் என்பது உலகத்துக்கே தெரியும். நம் காற்றின் தடங்களைக் கழுவிச் சுத்தம் செய்த கோப்பில் அவை இருக்காது என்பதால் கழுவாததை எடுத்துப் போட்டேன்.

ஆக்ஸிஜன் அதன் இடத்தில் இல்லை.

திரும்பப் போட்டேன். இல்லை. தள்ளி நிற்கிறது. எவ்வளவு தள்ளி என்று அளந்தால், பூமியின் ஓட்டம் எவ்வளவோ அவ்வளவு. எனக்கு முன்னாலேயே யாரோ கழித்திருக்கிறார்கள்.

கோப்புகளைத் தயார் செய்து அனுப்புவது இசக்கி. புனேயில் இருக்கிறான், ஊர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் கூட்டணியில் என் அளவுக்குப் பாடுபட்டவன் அவன் ஒருவன்தான். மொட்டை மாடிக்கு ஓடிப் போய் அவனுக்கு போன் அடித்தேன். கொடியில் புடவைகள், கீழே ஸ்பீக்கர்.

"இசக்கி, நீ அனுப்பின கோப்புல பூமி ஓட்டத்தைக் கழிச்சிட்டியா?"

"கழிக்காம அனுப்புவனா? உனக்கு வேல மிச்சமாவுமேன்னு கழிச்சுத்தான அனுப்புனேன்."

"நானும் கழிச்சேன்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம்.

"ரெண்டு வாட்டியா?" என்றான்.

"ரெண்டு வாட்டி."

"அப்ப இரவு ஒண்ணுல நாம பாத்தது?"

"நம்ம ஈரம்தான். அன்னிக்கு மலை மேல ஈரம் ஜாஸ்தின்னு நீதானே சொன்ன. கழுவினதுல போகாம ஒட்டிக்கிட்டிருந்தது, ரெண்டு தடவ நகர்த்தினதும் சரியா நட்சத்திரத்தோட இடத்துல போய் உக்காந்துடுச்சு. இரவு ரெண்டுல பூமி வேற பக்கம் ஓடிட்டிருந்தது. அதனால வேற எங்கயோ விழுந்துடுச்சு."

"நாசமாப் போச்சே, பிலோ."

வைத்துவிட்டான்.

அழுகை வரும் என்று தண்ணீர்த் தொட்டியின் பக்கம் போய் உட்கார்ந்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது. உலகத்தின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு பூமியில் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறேன். அதுவும் இரண்டு பேர் சேர்ந்து, பொறுப்பாக. அவன் சோம்பேறியாக இருந்திருந்தால் சரியாக வந்திருக்கும். நான் சோம்பேறியாக இருந்திருந்தாலும் சரியாக வந்திருக்கும்.

கீழே வந்து மிச்சமிருந்த சோறு, நெத்திலிக் குழம்பு, இரண்டு தட்டு. படுத்ததும் தூக்கம். பட்டப் பகலில் இப்படித் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று. அம்மா எழுப்பினாள்: "சொட்டு மருந்து யாரு போடறது?"


ஆகஸ்ட் 7, வியாழன்

கொஞ்சம் தூறல். தெருவில் மண் வாசனைக்குப் பதில் டீசல் வாசனை.

இசக்கி போனை எடுக்கவில்லை. மாதக் கடைசியில் வெளிநாட்டுக் கருத்தரங்கில் இதைப் பற்றிப் பேசப் போவது அவன்தான். விசா வந்துவிட்டது. கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறான். அந்தக் கோட்டின் படத்தைப் போன வாரம்தான் அனுப்பியிருந்தான்.

மூன்று மணிக்கு மேடத்துக்கு அடித்தேன். வீடியோ இல்லாமல். என் மூஞ்சியை அவர் பார்க்க வேண்டாம். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், முதல் வரியிலேயே தாளை விட்டுவிட்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

போச்சு என்று நினைத்தேன்.

"அப்பாடா," என்றார் மேடம்.

"மேடம்?"

"அந்த மேகப் பத்தியை நானும் நம்பலை, பிலோமினா. நீங்க நம்பறீங்களோன்னு பாத்தேன். நீங்க நம்பினா நானும் நம்பிடலாம்னு ஒரு ஆசை." சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்பது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் விக்கல் மாதிரி இருக்கிறது. "செய்திக்குறிப்பை நிறுத்தச் சொல்லிடறேன். கட்டுரை நாளைக்குப் போக வேண்டாம். ரெண்டு இரவையும் ஒழுங்கா ஓட்டுங்க. என்ன வருதோ அதை எழுதுவோம்."

"ஒண்ணும் வரலைன்னா?"

"ஒண்ணும் வரலைன்னு எழுதுவோம். சண்டே வரைக்கும் அப்பாவைப் பாருங்க."

போனை வைத்ததும் உடம்பு லேசாக இருந்தது. படிப்பு இன்னும் தள்ளிப் போகும். குட்டியின் தண்ணீர் போயிற்று. எனக்கு வருத்தமாக இருக்க வேண்டும், இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போய்விட்டது. இன்றைக்கு எனக்கு இது போதும்.

வீட்டில்தான் பெரிய வேலை பாக்கி. அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.


ஆகஸ்ட் 8, வெள்ளி

வெயில், காற்று மணலி ரிஃபைனரி பக்கத்திலிருந்து. கேஸ் வாடை. ஊர் முழுக்க ஜன்னல் சாத்தல்.

அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் பேனரை நிறுத்திவிடலாம் என்று காலையிலேயே கேரம் மன்றத்துக்குப் போனேன். லேட். பேனர் அச்சாகி வந்து சுவரில் சாய்ந்திருந்தது. என்னைவிட உயரம். "வேற்றுக் கிரகத்தில் தண்ணீர் கண்டுபிடித்த எங்கள் பேட்டை விஞ்ஞானியே!" முக்காடும் மெழுகுவத்தியுமாக நான். எனக்குப் பின்னால் வளையத்தோடு சனி கிரகம். குட்டிக்கு வளையம் கிடையாது. கீழே வரிசையாக மன்றத்தினர் பதினைந்து பேர் கைகூப்பிக்கொண்டு.

சேகர் அண்ணன் காயின் அடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். ஸ்ட்ரைக்கரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாமா சொல்ற? தண்ணி கீதா, இல்லியா?"

"தெரியல அண்ணே. நான் பாத்தது அங்கத்து தண்ணி இல்ல. நம்ம பூமியோட ஈரம்."

"அப்ப பூமில தண்ணி கீதுனு கண்டுபுட்ச."

"ஆமாம்."

"அத எங்காயா சொல்லுமே." உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "யார்னா உன்ன மாட்டி வுட்டாங்களா?"

"இல்லண்ணே. நானேதான் பாத்துக் கண்டுபிடிச்சேன்."

"யாரும் கேக்கல, நீயே போய் சொல்லிக்கின?"

"ஆமாம்."

"பேஜாரான பொண்ணா கீறியே." ஸ்ட்ரைக்கரை வைத்தார், குறி பார்த்தார், அடிக்கவில்லை. "சரி, வூட்டுக்குப் போ. எதுனா பண்ணலாம்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடினாள்.

"இப்ப ஏன் சொல்ற?"

"இப்பதாம்மா தெரிஞ்சுது."

"நான் எல்லார் கிட்டயும் சொல்லிட்டேனே."

"நான் 'மாதிரி'ன்னுதான் சொன்னேன்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் ஒரு பேச்சில்லை. சோறு போட்டாள், பேச்சில்லை. அப்பாவின் தலையைப் பிடித்தாள், பேச்சில்லை. அப்பா கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "இன்னா வூடு இவ்ளோ அமைதியா கீது, கரன்ட் போச்சா?" என்றார்.

நான் தப்பித்தது மேடத்திடம்தான். இங்கே இல்லை.


ஆகஸ்ட் 9, சனி

கடல் காற்று சீக்கிரமே. நல்ல நாள்.

ஒரே ஒரு தடவை கழித்து இரண்டு இரவையும் ஓட்டினேன். மத்தியானம் முடிந்தது. இரவு-1: ஒன்றுமில்லை. இரவு-2: ஒன்றுமில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், சாதுவாக, ஒரே மாதிரி. இத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த இரண்டும் இன்றைக்குத்தான் ராசி ஆகியிருக்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தேன். அசிங்கமான கோடு, ஏற்ற இறக்கமே இல்லை, ஆனால் இதை யார் எங்கே வைத்து உரசினாலும் நிற்கும்.

ஒன்றுமில்லை என்பதற்கும் பொருள் உண்டு. குட்டிக்குப் பெரிய, ஈரமான, உப்பிப் போன காற்று மண்டலம் கிடையாது. மெல்லிசாக இருக்கலாம், மேகத்துக்குக் கீழே ஒளிந்திருக்கலாம். இன்னும் கூர்மையாகப் பார்த்தால்தான் தெரியும். இதைத்தான் எழுத வேண்டும்.

படத்தை இசக்கிக்கு அனுப்பினேன். சாயந்திரம் பதில் வந்தது. "ரெண்டும் ஒத்துப்போவுதே! நேத்துதான் ஒழுங்கா தூங்குனேன். எங்க தப்பு நடந்துச்சுன்னே பேசிட்டு வாரேன், கோட்டு தச்சாச்சு." அதைப் படித்துவிட்டு நான் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.

அப்பாவுக்குக் கண் டாக்டர், மறு பரிசோதனை. பஸ் ஸ்டாப்பில் தூரத்துக் கிரேன்களைப் பார்த்து, "மூணாவது ஓடாம நிக்குது பாரு" என்றார். எனக்குக் கிரேன் இருப்பதே மங்கல்தான். டாக்டர் திருப்தி. சொ.ம. இனி இரண்டு வேளை.

திரும்பி வந்து படியேறும்போது மேலே அம்மா குரல். கீழ் வீட்டுப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவைச் சட்டென்று நிறுத்தினேன்.

"அப்ப தண்ணி இல்லியாக்கா?"

"ஒரே கொழம்புல ரெண்டு பேரும் உப்பு போட்டுட்டாங்கடி. ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கல. அந்தப் பையன் போட்டான், தெரியாம இவளும் போட்டா."

"அய்யய்யோ."

"இன்னா அய்யய்யோ? என் பொண்ணுதான் வாய்ல வெச்சிப் பாத்து சொல்ச்சு. எலைல வெக்கறதுக்கு மின்னாடி சொல்ச்சு. வெச்சப்பறம் சொல்லியிருந்தா அசிங்கம்."

அப்பா என் கையைக் கிள்ளினார். நாங்கள் செருப்பைத் தேய்த்துச் சத்தம் செய்துகொண்டு ஏறினோம். அம்மா என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என்னோடு இன்னும் பேச்சில்லை. தட்டில் மட்டும் வஞ்சிரத்தின் நடுத்துண்டு எனக்கு வந்தது.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலைப் பூசை. வெளியே வரும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. உப்புக் கதை எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

அங்கிருந்து நேராக அம்மன் கோயில். தெருவே பந்தல். கேழ்வரகுக் கூழ் அண்டா அண்டாவாக, பக்கத்தில் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. வருஷா வருஷம் நாங்களும் ஊற்றப் போவோம். வெயில் உச்சிக்கு வரும் வரை சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்தேன். கை, கன்னம், ஜாக்கெட் எல்லாம் கூழ்.

பேனரை நான் கவனிக்கவே இல்லை. யாரோ காட்டினார்கள். வாசலில்தான் கட்டியிருந்தார்கள். முக்காடு, மெழுகுவத்தி, சனி, பதினைந்து பேர். "கண்டுபிடித்த" என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கர் பேனாவால் "தேடும்" என்று எழுதியிருந்தது. சேகர் அண்ணன் கையெழுத்து. வேற்றுக் கிரகத்தில் தண்ணீர் தேடும் எங்கள் பேட்டை விஞ்ஞானியே. கோந்து இன்னும் காயவில்லை, ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்புறம் மைக்கில் என் பெயர். வேண்டாம் அண்ணே, வேண்டாம் அண்ணே என்று சொல்லச் சொல்ல மேடையில் ஏற்றிவிட்டார்கள். மைக்கையும் கையில் திணித்துவிட்டார்கள். எதிரே தெரு முழுக்கத் தலைகள், கையில் சொம்பும் தூக்கும். அம்மா எங்கே என்று தேடினேன், வெயிலில் தெரியவில்லை.

"தண்ணி கண்டுபிடிச்சதா சொன்னாங்க இல்ல, அது தப்பு," என்றேன். என் குரல் நாலு ஸ்பீக்கரிலும் போய்த் திரும்பி வந்தது. "கணக்குல தப்பு நடந்துடுச்சு. திருத்திப் பாத்தோம். அங்க தண்ணி கிடைக்கல. இனிமே கிடைக்குமான்னும் தெரியல. மறுபடி பாப்போம்."

பின்னாலிருந்து ஒரு ஆள், "அப்ப சால்வ எதுக்கு?" என்றார். சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. இறங்கப் போனேன்.

சேகர் அண்ணன் மைக்கைப் பிடுங்கினார்.

"யோவ், நம்ம தெருவுல தண்ணி வர்து, வந்துகினே கீதுனு சொல்லி மேடையேறினவங்க எத்தினி பேரு? சொல்லு! அத்தினி பேருக்கும் சால்வ போட்டோம்ல? தண்ணி இல்லனு மேடையேறி சொன்ன மொத ஆளு இந்தப் பொண்ணுதான்யா! போடுறா சால்வய!"

விசில். தூக்குச் சட்டியைத் தட்டுகிறார்கள். காலி பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுகிறார்கள். உடுக்கைக்காரர்கூட ஒரு அடி அடித்தார். யாரோ சால்வையைத் தோளில் போட்டார்கள், பச்சை நிறம், ஜரிகை குத்தியது. ஒன்றும் கண்டுபிடிக்காததற்கு நான் மேடையில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

இறங்கினால் படிக்கட்டுக்குக் கீழே அம்மா. கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்திருக்கிறாள், கொண்டை அவிழ்ந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தாள்.

"மூஞ்சியக் கழுவிட்டாவது ஏறக் கூடாதாடி?"

முந்தானையால் என் கன்னத்துக் கூழைத் துடைத்தாள். தோலே போய்விடும் போல அழுத்தித் துடைத்தாள்.